11 மில்லிமீட்டரும் என் மகளும்

வணக்கம். பின்னால் மிக்ஸி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா சட்னி அரைக்கிறார்.

வயிற்றில் இருக்கும்போதே "மூளையில் நீர் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது" என்று ஸ்கேனில் எழுதப்பட்ட பிள்ளையை, பிறந்த பிறகு எப்படி வளர்ப்பது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன். என் மகளுக்கு அனாமலி ஸ்கேனில், அதாவது கருவின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனில், அப்படி வந்தது. ரிப்போர்ட்டில் 'மைல்டு வென்ட்ரிகுலோமெகாலி', அதாவது மூளையின் நீர் அறை லேசாக அகன்றிருக்கிறது, 11 மில்லிமீட்டர்.

மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் எல்லோருக்கும் உண்டு. பக்கவாட்டு அறையின் அகலம் 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இயல்பு. 10 முதல் 12 வரை லேசானது. 15-ஐத் தாண்டினால் தீவிரம். லேசானதாக இருந்து, கூடவே வேறு குறை எதுவும் இல்லாவிட்டால், பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் இயல்பாகவே வளர்கிறார்கள். அந்த 'வேறு குறை இல்லை' என்பதை உறுதி செய்யத்தான் அடுத்தடுத்த சோதனைகள்: கிருமித் தொற்றுக்கு ரத்தப் பரிசோதனை, பனிக்குட நீரை ஊசியில் எடுத்து குரோமோசோம் பார்ப்பது, கருவுக்கு எம்ஆர்ஐ, மறுபடி ஸ்கேன்.

கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு 24 வாரம் என்று ஒரு எல்லை. பெரிய குறை உறுதியானால் அதற்கு அப்புறமும் மருத்துவக் குழு அனுமதிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது அந்த 24 மட்டும்தான். கூடவே, கிரகணத்தன்று வெளியே போனாயா என்று ஒரு விசாரணை வேறு. அதைத் தொடங்கினால் இந்த வீடியோ முடியாது, விடுங்கள்.

எம்ஆர்ஐயில் வேறு ஒன்றும் இல்லை, அகலமும் கூடவில்லை. அத்துடன் முடிந்தது என்றார்கள். எனக்கு அங்கேதான் தொடங்கியது.

பிறந்த பிறகு, உச்சிக்குழி இன்னும் மூடாததால், அதன் வழியாகவே மூளைக்கு ஸ்கேன் எடுத்துவிடலாம். எடுத்தோம். அப்புறம் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலைச் சுற்றளவு. ஒருமுறை 40 செ.மீ. என்று அளந்தால் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வளர்ச்சி அட்டையில் குழந்தை தன் கோட்டை ஒட்டியே ஏறுகிறதா, கோடுகளைத் தாண்டி மேலே போகிறதா என்பதைத்தான் மருத்துவர் பார்ப்பார். வீட்டில் தினமும் டேப் பிடிக்காதீர்கள். டேப் கொஞ்சம் மேலேறினாலே அரை சென்டிமீட்டர் மாறும். அதற்கு ஒரு ராத்திரித் தூக்கம் போகும். பாட்டிமார் எண்ணெய் தேய்க்கட்டும், தலையை அழுத்தி உருட்டி வடிவம் பிடிப்பது மட்டும் வேண்டாம்.

ரிப்போர்ட்டை வைத்திருக்கும் அம்மாவுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டான் என்ற செய்தியே போதும். என் மகள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து, ஒருநாள் சோபாவைப் பிடித்து எழுந்து நின்றாள். ஸ்கேனில் எதுவும் வராத குழந்தைகளிலும் சிலர் இப்படித்தான். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் அந்த 11 மண்டைக்குள் ஓடும். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதிவைப்பேன், மருத்துவரிடம் போகும் தேதியில் கேட்பேன். மற்ற நாளெல்லாம் அவள் பாட்டுக்கு விளையாடுவாள்.

நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. உச்சிக்குழி புடைத்து இறுகினால், வாந்தி நிற்காவிட்டால், கண்மணி கீழ்நோக்கியே நின்றால், வலிப்பு வந்தால், அன்றைக்கே மருத்துவமனை. நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை என்றாலும், செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் விட்டாலும், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டு உதவும் 'டிஇஐசி' என்ற மையம் மாவட்ட அளவில் இருக்கிறது. வளர்ச்சியைச் சோதிப்பது, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். வசதியில்லாதவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுங்காதீர்கள்.

இப்போது பிளேஸ்கூல் படிவம் வந்திருக்கிறது. 'உடல்நலம் பற்றிக் குறிப்பு' என்று ஒரு கட்டம். எதற்கு எழுதுகிறாய், பெயர் விழுந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர். அவர் பயம் நியாயமானதுதான். ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்த நம் ஊரில் நேரம் ஆகாது. குழந்தை மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கு? இப்போது எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளைக்குப் பழைய ஸ்கேன் எதற்கு என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பேச்சிலோ நடையிலோ ஏதாவது தெரிந்தால், நானே நேரில் போய்ச் சொல்வேன்.