ஒரே பொருளுக்கு ஒரு கடை: லிஸ்பனில் ஒரு சனிக்கிழமை

வணக்கம் மக்களே! போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் இருக்கிறேன். இங்கே வருகிறவர்கள் மஞ்சள் டிராம், கோட்டை, முட்டை டார்ட் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நாம் இன்றைக்குக் கடைத்தெரு மட்டும்தான் சுற்றப்போகிறோம். கையுறைக்கு ஒரு கடை, மெழுகுவத்திக்கு ஒரு கடை, உடைந்த பொம்மைக்கு ஒரு கடை என்று தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்கிற இடங்கள் இவை. எனக்கு லிஸ்பன் பிடித்துப்போனதே இவற்றால்தான்.

முதலில் சந்தை. இது ஃபெய்ரா டா லாத்ரா. 1882-லிருந்து இந்தச் சாந்தா கிளாரா திடலில்தான் கூடுகிறது. செவ்வாயும் சனியும் மட்டும்தான், அதனால் நாள் பார்த்து வாருங்கள். பழைய கேமரா, ராணுவக் கோட்டு, கிராமஃபோன் தட்டு, சாவிக்கொத்து எல்லாம் தரையில் துணி விரித்துப் பரப்பியிருக்கிறார்கள். காலையிலேயே வந்தால்தான் நல்ல பொருள் கிடைக்கும். தாராளமாகப் பேரம் பேசலாம்.

ஒரே ஒரு விஷயம். அசுலேஜோ என்கிற நீலவெள்ளை ஓடுகள் பழசாக, ஒற்றை ஒற்றையாக விற்பனைக்கு இருந்தால் தயவுசெய்து யோசித்து வாங்குங்கள். இந்த ஊரில் வீட்டு முகப்புச் சுவரிலிருந்து ஓடுகளைப் பெயர்த்துத் திருடுவது பல வருஷத் தொல்லை. எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். புது ஓடு செய்து விற்கும் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே வாங்கலாம்.

சரி, அல்ஃபாமா சந்துகள் வழியாக இறங்கி வந்துவிட்டோம். இந்தக் கடை கான்சர்வெய்ரா டி லிஸ்போவா, 1930-ல் தொடங்கியது. சுவர் முழுக்க டப்பா மீன்தான்! மத்தி, சூரை, நெத்திலி. வாங்கும் டப்பாவைக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டித் தருகிறார்கள். உள்ளே எண்ணெய் இருப்பதால் விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இப்போது பிகெய்ரா சதுக்கம். இங்கே பொம்மை மருத்துவமனை இருக்கிறது, 1830-லிருந்து. வருகிற பொம்மைகளை நோயாளிகள் என்றுதான் சொல்கிறார்கள். இழுப்பறை இழுப்பறையாகக் கண்கள், கைகள், கால்கள். பீங்கான் முகத்தில் விழுந்த விரிசலை ஒட்டி, வண்ணம் தீட்டி, தலைமுடி வைத்துத் தருகிறார்கள். பாட்டி வைத்திருந்த பொம்மையைப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்றால் வேறெங்கே போவது? இதே சதுக்கம் இருக்கும் இடத்தில்தான் ஊரின் பெரிய மருத்துவமனை, அதாவது மனிதர்களுக்கானது, இருந்தது. 1755 நிலநடுக்கம் அதைச் சிதைத்துவிட்டது.

அப்புறம், இன்றைக்கு நான் காட்ட ரொம்ப ஆசைப்பட்ட இடம். கார்மோ தெருவில் லுவாரியா உலிசெஸ் என்கிற கையுறைக் கடை, 1925-ல் தொடங்கியது. கதவு அகலம்தான் கடை அகலம் என்று சொல்லலாம். இரண்டு பேர் உள்ளே போனால் மற்றவர்கள் வெளியே வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே நடப்பதைப் பாருங்கள். கடைக்காரர் முழங்கையைச் சின்ன மெத்தையில் ஊன்றச் சொல்கிறார். மரக் கிடுக்கியால் கையுறையின் விரல்களை விரித்து, பவுடர் தூவி, கையை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிவிடுகிறார். அளவு கேட்பதே இல்லை, கையைப் பார்த்தே எடுக்கிறார். தையல் பிரிந்தால் திரும்பக் கொண்டுவரலாம், சரிசெய்து தருவார்கள்.

இப்படிப்பட்ட கடைகளுக்குப் பெரிய அடி வாடகைதான். 2012 சட்டம் பழைய குறைந்த வாடகைகளை உயர்த்த வழி திறந்தது. சுற்றுலாவும் சேர்ந்து பெருக, பல கடைகள் மூடிவிட்டன. அதைப் பார்த்துத்தான் மாநகராட்சி 2015-ல் ‘லோஜாஸ் கோம் இஷ்டோரியா’, அதாவது ‘வரலாறு உள்ள கடைகள்’ என்கிற திட்டத்தைக் கொண்டுவந்து, அப்படிப்பட்ட கடைகளை அடையாளம் கண்டு பட்டியலிட்டு ஆதரவு தருகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் கல்லா நிறையாது. வாசலில் படம் எடுக்கிற கூட்டத்தில் பாதிப் பேராவது உள்ளே போய் ஏதாவது வாங்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே 1789-லிருந்து மெழுகுவத்தி செய்யும் லொரேட்டோ கடையும், 1732-ல் தொடங்கிய பெர்ட்ராண்ட் புத்தகக் கடையும் உண்டு. இன்னும் இயங்கும் புத்தகக் கடைகளில் உலகிலேயே பழையது என்று கின்னஸ் சான்று பெற்றது பெர்ட்ராண்ட். புத்தகம் வாங்கினால் அதைச் சொல்லும் முத்திரையைக் குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், குத்தித் தருவார்கள்.