டிவி வீட்டுப் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவனைக் கூப்பிட்டு வீடியோ கேம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பேன். வீடியோ கேமைக் கம்ப்யூட்டர் வீட்டுப் பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, அது டிவி வீட்டுப் பிள்ளை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறை நிறைய நின்ற கம்ப்யூட்டர்களில் மாணவர்கள் விளையாடியது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேம் வீட்டுக்கூடத்துக்கு வந்த வருடம் 1972. வந்த வழி, டிவி.

ரால்ஃப் பேயர் என்று ஒருவர். ஜெர்மனியில் பிறந்த யூதர், 1938-ல் தப்பி அமெரிக்கா போனவர். நம்மைப் போல டிவி வேலை தெரிந்தவர். 1966-ல் நியூயார்க்கில் ஒரு பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது, வீடு வீடாகச் சும்மா கிடக்கிற டிவியை வைத்து விளையாடினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஆறு வருடம் கழித்து, 1972-ல், மேக்னவாக்ஸ் என்ற டிவி கம்பெனி வழியாக, ஒடிஸி என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 100 டாலர்.

என் பேரன் கேட்டான்: "தாத்தா, அதுல எத்தனை ஜிபி?" ஜிபியா? உள்ளே புரோகிராமே கிடையாது. டிரான்சிஸ்டர், டயோடு, அவ்வளவுதான். சத்தம் வராது. ஸ்கோரும் காட்டாது, தாளில் நாமே குறித்துக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவது வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். அப்புறம் டென்னிஸ் மைதானம் எங்கே? பெட்டியோடு வண்ணப் பிளாஸ்டிக் தாள் கொடுத்தார்கள், அதைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பசை வேண்டாம். பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஓடுகிற டிவி அருகே கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்த்து நிற்கும், கண்ணாடியில் தூசி அப்பிக்கொள்ளும். அதே நிலைமின்சாரம்தான் தாளையும் பிடித்துக்கொண்டது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த விஷயம். நாங்கள் துணியால் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போன ஒன்றை அந்த மனிதர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்!

அதே வருடம் ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் காசு போட்டு ஆடும் கேம் மிஷின் செய்கிற அடாரி கம்பெனியைத் தொடங்கினார்கள். ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் எஞ்சினியர் வேலைக்குச் சேர்ந்தார். கை பழகட்டும் என்று புஷ்னெல் அவருக்கு ஒரு பந்து விளையாட்டைச் செய்யச் சொன்னார். ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் என்று பொய்யும் சொன்னார். ஆல்கார்ன் கடையில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கி மரக்கூட்டுக்குள் வைத்தார். இதிலும் புரோகிராம் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் சர்க்யூட்டுதான். ஜனங்கள் ஆரவாரம் செய்கிற சத்தம் வேண்டும் என்றார் முதலாளி. அதற்கு ஆல்கார்ன் எங்கே போவார்? படத்தை நிலையாக நிறுத்துகிற சர்க்யூட்டிலேயே தேடி ஒரு 'டொக்' சத்தத்தைப் பிடித்தார். மட்டை திரையின் உச்சிவரை போகாது, அது சர்க்யூட்டில் இருந்த கோளாறு. சரிசெய்யாமல் விட்டுவிட்டார்கள். செய்திருந்தால் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஒரே காசில் விடிய விடிய ஆடுவார்களே! கோளாறைச் சரிசெய்துதான் நான் சாப்பிட்டேன், அதை விட்டுவைத்தும் சம்பாதிக்கலாம் என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதுதான் பாங். சன்னிவேல் ஊரில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். சில நாளில் கடையிலிருந்து போன்: மிஷின் ஓடவில்லை. ஆல்கார்ன் போனார். ரிப்பேருக்குப் போகிறவன் மனசு எனக்குத் தெரியும். எது போயிருக்கும், என்ன கொண்டுவந்தோம் என்று வழியெல்லாம் கணக்கு ஓடும். போய்க் காசுப்பெட்டியைத் திறந்தால் கால் டாலர் நாணயங்கள், அந்த ஊர் நாலணா, நிரம்பி வழிகின்றன! மேலே காசு விழ இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் ரிப்பேர். இப்படி ஒரு கம்ப்ளெயின்ட் என் முப்பது வருடத்தில் ஒன்றாவது...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் பாக்கி. கோர்ட் கேஸை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சரி, சுருக்கமாக. ஒடிஸியின் டென்னிஸைப் பார்த்துத்தான் பாங் செய்தார்கள் என்று மேக்னவாக்ஸ் 1974-ல் வழக்குப் போட்டது. 1972 மே மாதம் கலிஃபோர்னியாவில் பர்லிங்கேம் என்ற ஊரில் ஒடிஸியைக் காட்சிக்கு வைத்தபோது புஷ்னெல் வந்து ஆடிப் பார்த்திருந்தார். வந்தவர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருந்தார். 1976-ல் சமரசமாகி அடாரி பணம் கட்டியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1972 அக்டோபரில் ஸ்பேஸ்வார் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஒரு போட்டி நடந்தது. அது கம்ப்யூட்டர் வீட்டுக் கதை, அந்த வீட்டுக்காரர்களே வந்து சொல்லட்டும். வணக்கம்.