முழுமை வேறு, நிறைவு வேறு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

முழுமையான மனிதர் என்றால் என்ன, நிறைவான மனிதர் என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. எதிர்ச்சொல்லைத் தேடினாலே வேறுபாடு தெரிந்துவிடும். முழுவுக்கு எதிர் அரை, பாதி, துண்டு. நிறைக்கு எதிர் குறை. வெட்டுப்படாமல், உடையாமல் இருப்பது முழுமை. கொள்ளுமட்டும் வந்து சேர்ந்திருப்பது நிறைவு. அதனால்தான் முழுப்பொய் என்கிறோம், நிறைபொய் என்பதில்லை. மனநிறைவு உண்டு, மனமுழுமை இல்லை.

நமது கல்யாண வீட்டு வாசலில் வைக்கும் நிறைகுடத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். தலைவாழையிலையின் நுனி கிழிந்திருக்கக் கூடாது. அதன்மேல் நெல்லையோ பச்சரிசியையோ பரப்பி, செம்பில் நீர் நிரப்பி, மாவிலை செருகி, முடித்தேங்காயை நிறுத்துவார்கள். இலையும் தேங்காயும் முழுசு, நீர்தான் நிறை. அவசரத்தில் வெறும் செம்பின்மேல் தேங்காயை வைத்துவிட்டால் கல்யாணப் படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அதை நிறைகுடம் என்று எந்த அம்மம்மாவும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

வள்ளுவரும் இந்தச் சொல்லை அளந்தே வைத்திருக்கிறார். அறிவுடையோர் நட்பு பிறை வளர்வதுபோல நாளுக்கு நாள் நிறையும் தன்மையது என்பதை 'நிறைநீர நீரவர் கேண்மை பிறை' என்று 782ஆவது குறளில் சொல்கிறார். சந்திரன் எந்த நாளும் முழுதாகத்தான் இருக்கிறது. நிறைவதும் குறைவதும் நம் கண்ணுக்குத் தெரியும் அதன் ஒளி.

அந்த ஒளி நிறைந்த நாளை ஊரில் பறுவம் என்போம், அரசாங்க நாட்காட்டி பூரணை என்கிறது. அலுவலகப் படிவமும் 'பூரணப்படுத்துக' என்றே கட்டளையிடுகிறது. வடமொழிப் பூரணம் நிறைவுக்கும் முழுமைக்கும் பொதுவாக நிற்பதால், எழுதுபவருக்கு எது என்று யோசிக்கும் சிரமம் இல்லை. படிவத்துக்கு அது போதும். 'நிரப்புக' என்றிருந்தால் இன்னும் நன்று.

மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பூசணிக்காயின் நிறை என்ன என்று கேட்டால் 2 கிலோ என்பார்கள்; அங்கே அது சரி. ஆனால் நமது இலங்கை விஞ்ஞானப் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது திணிவு. நிறை என்பது புவி இழுக்கும் விசை, அதன் அலகு நியூட்டன். தமிழ்நாட்டுப் பாடநூலிலோ அந்தத் திணிவுக்குத்தான் நிறை என்று பெயர். நமது நிறையை அவர்கள் எடை என்கிறார்கள். சென்னை ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், சாதாரண தரப் பரீட்சையில் கணக்கைச் சரியாகச் செய்தும் புள்ளியை இழக்க நேரிடும்.