விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதற்கு பிரஷ்?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பென்னாகரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. 20 மாதப் பையன். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி முழுக்க அழுகை, மேல் உதடு வீங்கியிருக்கிறது என்றார்கள். உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். மேல் முன்பற்களில் நடுவில் இருக்கும் இரண்டும் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தன. அதில் ஒன்றுக்கு மேலே ஈறில் சீழ்க் கொப்புளம். பக்கத்துப் பற்கள் இரண்டிலும் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. கீழ்ப் பற்கள் மட்டும் முல்லை அரும்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன.

கூட வந்த பாட்டி, "இது விழுந்து முளைக்கிற பல்லுதானே டாக்டரம்மா, இதுக்குப் போய் வைத்தியம் எதுக்கு?" என்று கேட்டார். பேரன் மேல் அக்கறை இல்லாமல் கேட்கவில்லை. மூன்று ராத்திரியும் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தவர் அவர்தான். குழந்தைகள் பல் மருத்துவராக நான் அதிகம் கேட்ட கேள்வியே இதுதான். அதனால் அந்தப் பாட்டிக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விழும் பல்தான். எப்போது விழும்? முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்கும். அந்தப் பையன் ஆறாம் வகுப்புக்குப் போகும் வரை மென்று தின்ன வேண்டியது இந்தப் பற்களை வைத்துத்தான். "வா" என்று சொல்லிப் பாருங்கள், மேல் முன்பல் கீழ் உதட்டில் பட்டு எழும். "தாத்தா" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு பல்லின் பின்புறத்தைத் தொடும். பேச்சு வரும் வயதில் அந்தப் பல் இருக்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு பால்பல்லும் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாய்ப் பால்பல்லைக் காலத்துக்கு முன்னால் பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் வருகிற பல் வழியில்லாமல் கோணலாக வரும். வேரில் சீழ் பிடித்தால், அதற்கு அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லையும் அது கெடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பால்பல்லின் மேலே இருக்கும் எனாமல் பூச்சு, பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான். பெரியவர்களுக்குச் சொத்தை நரம்பைத் தொட வருடக்கணக்கில் ஆகலாம். குழந்தைக்குச் சில மாதங்களே போதும். "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட இங்கே நேரமே கிடையாது.

சரி, எப்போது தொடங்குவது? அம்மா வயிற்றில் ஆறாவது வாரத்திலேயே பல் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறந்த குழந்தையின் பொக்கை வாயைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அந்த ஈறுக்குள் 20 பால்பற்களும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அதனால் பல் முளைப்பதற்கு முன்பே வாயைத் துடைக்கப் பழக்குங்கள் என்று சொல்வேன். பல் இல்லாத ஈறில் சொத்தை வராது, உண்மைதான். ஆனால் வாய்க்குள் விரல் வருவது குழந்தைக்குப் பழகியிருந்தால், பிரஷ் வரும் நாளில் பாதிப் போராட்டம் குறையும். நைந்த வேட்டித் துணி இருந்தால் நல்லது. வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்து, கைக்கு அடக்கமாகச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஆள்காட்டி விரலில் சுற்றி, ஆறின வெந்நீரில் நனைத்து, மேல் ஈறு ஒருமுறை, கீழ் ஈறு ஒருமுறை. காலையில் குளிப்பாட்டும்போது, ராத்திரி தூங்க வைக்கும்போது. உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நச்சு நோய் வர வாய்ப்பு உண்டு.

முதல் பல் எட்டிப் பார்ப்பதைப் பெரும்பாலும் கண் கண்டுபிடிப்பதில்லை, காதுதான் கண்டுபிடிக்கும். கஞ்சி ஊட்டும்போது எவர்சில்வர் ஸ்பூனில் 'டிக்' என்று ஒரு சத்தம். விரல் வைத்துப் பார்த்தால் கீழ் ஈறின் நடுவில் சுருக்கென்று இருக்கும். பொதுவாக 6 மாதம் வாக்கில் அந்தச் சத்தம் கேட்கும். சில குழந்தைகளுக்கு 4 மாதத்திலேயே வரும், சிலருக்கு முதல் பிறந்தநாள் கழித்தும் வரும். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் காட்டுங்கள். மேல் பல் முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். மாமனுக்கு ஒன்றும் ஆகாது. வரிசை கொஞ்சம் மாறி வருவது இயல்புதான்.

அந்த 'டிக்' கேட்ட அன்றிலிருந்து பிரஷ். கடையில் இருப்பதிலேயே தலை சிறியதாக, நார் மிருதுவாக இருப்பதை வாங்குங்கள். பல்பொடி, சாம்பல், கரி எதுவும் குழந்தைக்கு ஆகாது. மெல்லிய எனாமலைத் தேய்த்துவிடும். பேஸ்ட் ஒரு அரிசி மணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது மாதிரி பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்கக் கூடாது. 3 வயது வரை அரிசி மணி. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி. அவ்வளவுதான்.

எப்படித் தேய்ப்பது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். குழந்தையை எதிரே நிற்கவைத்து வாயைத் திற என்றால் திறக்காது. பாயில் சம்மணம் போட்டு உட்காருங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலை உங்கள் மடியில் இருக்கட்டும், கால்கள் எதிர்ப்பக்கம் நீண்டிருக்கட்டும். இப்போது மேலிருந்து பார்த்தால் வாய் முழுக்கத் தெரியும். இடது கை ஆள்காட்டி விரலால் மேல் உதட்டைத் தூக்கிப் பிடியுங்கள். உதட்டின் நடுவில் ஈறோடு ஒட்டிய ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். பிரஷ் அதில் இடித்தால் வலிக்கும். குழந்தை அழுவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். விரலை அந்தச் சவ்வின் மேல் வைத்து மறைத்துக்கொண்டால் இடிக்காது. ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷை வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். நாலு பல் இருக்கும்போது அரை நிமிடம்கூட ஆகாது. முடிந்ததும் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடலாம். வாய் கொப்பளிக்க வைக்க வேண்டியதில்லை. திமிறுகிற குழந்தை என்றால் இன்னொருவர் எதிரே முட்டியோடு முட்டி சேர்த்து உட்கார்ந்து, கைகால்களைப் பிடித்துக்கொள்ளலாம். பாட்டு பாடிக்கொண்டே செய்யுங்கள். பத்து நாள் அழும். பதினோராம் நாள் தானாக வந்து மடியில் படுக்கும். என் மகளும் அப்படித்தான் செய்தாள்.

இப்படி நீங்களே தேய்த்துவிடுவது 7, 8 வயது வரை தொடர வேண்டும். "அவனே பல் விளக்கிக்கிறான்" என்று 3 வயதுக் குழந்தையைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்கள். விளக்கட்டும், சந்தோஷம். அவன் முடித்ததும் நீங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

அந்தப் பையனிடம் திரும்ப வருகிறேன். அவன் அம்மா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் வேலை. பையன் பாட்டியிடம் வளர்கிறான். ராத்திரி அழுதால் பால் பாட்டில், அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மூன்று, நான்கு முறை. பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவான். வெள்ளைச் சர்க்கரை ஆகாது என்று கேள்விப்பட்டு, நடுவில் நாட்டுச்சர்க்கரைக்கு மாறியிருக்கிறார்கள். பல்லைப் பொறுத்தவரை வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாம் ஒன்றுதான். வாயில் இருக்கும் கிருமி இவற்றை அமிலமாக மாற்றும். அமிலம் பல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தை உருவும். பகலில் எச்சில் ஊறி அந்த அமிலத்தைக் கழுவி, உருவியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துபோகும். இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றி விடியும் வரை தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை மட்டும் நாக்கு மூடிக்கொள்கிறது, நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியும் இருக்கிறது. அந்தப் பையனின் கீழ்ப் பற்கள் தப்பித்த கதை இதுதான்.

தாய்ப்பால் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். முதல் 6 மாதம் அது மட்டும்தான் உணவு, அதற்குப் பிறகும் 2 வயது வரையும் அதைத் தாண்டியும் கொடுக்கலாம். பல் வந்து, கஞ்சியும் சோறும் சாப்பிடத் தொடங்கிய பிறகு, ராத்திரி படுக்கும் முன் பல்லைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு ராத்திரி முழுக்கக் காம்பை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கத்தை மெல்லக் குறையுங்கள். பாட்டில் குடிக்கும் குழந்தைக்கு முதல் வேலை சர்க்கரையை நிறுத்துவது. அடுத்து, ராத்திரிப் பாட்டிலில் பாலைத் தினமும் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். பத்துப் பதினைந்து நாளில் வெறும் தண்ணீராகிவிடும். வெறும் தண்ணீருக்காக எந்தக் குழந்தையும் அதிக நாள் எழுந்து அழாது. ஒரு வயதில் டம்ளருக்கு மாற்றிவிடலாம். இருமல், காய்ச்சல் மருந்துகள் பலவும் இனிப்பான சிரப்தான். ராத்திரி கொடுத்தால் பின்னாலேயே ஒரு மடக்குத் தண்ணீர் கொடுங்கள், பல்லையும் துடைத்துவிடுங்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சந்தேகம் உண்டு. "ஃப்ளோரைடு பேஸ்ட் போடலாமா? எங்க பல்லெல்லாம் பழுப்பா இருக்கிறதே அதனாலதானே?" நியாயமான கேள்வி. சொத்தையைத் தடுக்கப் பேஸ்ட்டில் சேர்க்கும் பொருள்தான் ஃப்ளோரைடு. அளவுக்கு மீறி உடம்புக்குள் போனால்தான் பல்லில் கறை விழும். இந்த மண்ணின் ஆழ்துளைக் கிணறு பலவற்றில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இப்போது கணக்குப் பாருங்கள். நம் நாட்டில் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பேஸ்ட் ஒரு அரிசி மணி அளவு என்றால், அதில் இருப்பது ஏறக்குறைய 0.1 மில்லிகிராம். இரண்டு வேளையும் முழுசாக விழுங்கினாலும் 0.2. ஆபத்து அந்த அரிசி மணியில் இல்லை, கிணற்றுத் தண்ணீரில் இருக்கிறது. அதனால் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும் குடிக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பிடித்து வையுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிரந்தரப் பல்லில் கறை விழுவது அந்தப் பல் எலும்புக்குள் உருவாகும் வயதில், அதாவது பிறந்ததிலிருந்து 8 வயதுக்குள். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லாத வீடு என்றால், பேஸ்ட் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், ஈறு நமைக்கும், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். குளிர்ந்த சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள், போதும். ஈறை மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவாதீர்கள். பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்தவை 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே பாதிக்கக்கூடும். கடுமையான காய்ச்சலும் பேதியும் பல் முளைப்பதால் வருவதில்லை. "பல்லு முளைக்குது, அதான் வயித்தால போவுது" என்று வீட்டிலேயே வைத்திருந்து, நீர்ச்சத்து வற்றிப்போன குழந்தையைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல், பேதி என்றால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். சன்னல் வெளிச்சம் போதும். ஈறை ஒட்டி, பல்லில் சுண்ணாம்புக் கோடு மாதிரி மங்கலான வெள்ளை தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் படி. அந்த நிலையில் பல்லில் ஓட்டை விழவில்லை, திருப்பிக் கொண்டுவர முடியும். என் மகளுக்கு 14 மாதத்தில் அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கே வயிற்றைக் கலக்கியது. ராத்திரிப் பால் கொடுத்துவிட்டு, களைப்பில் பல்லைத் துடைக்காமல் நானும் பல நாள் தூங்கியிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு வேளை பிரஷ், மருத்துவமனையில் ஃப்ளோரைடு வார்னிஷ் என்று பல்லின் மேல் தடவும் பூச்சு. நாளடைவில் கோடு மங்கிப்போனது. பழுப்பாகிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 9 மாதத் தடுப்பூசிக்குப் போகிறீர்களே, அந்த வாரத்திலேயே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஞாபகம் இருக்கும். வலி வந்த பிறகு முதல்முறை கூட்டிவந்தால், அந்தக் குழந்தைக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அழுகை வரும். வலி இல்லாத நாளில் வந்த குழந்தை நாற்காலியில் ஏறி விளையாடும்.

அந்தப் பையனுக்குச் சீழ் பிடித்த பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்ததற்கு வேர் சிகிச்சை. பழுப்பு ஏறிய இரண்டுக்கும் சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவினேன். துளையிட வேண்டாம், ஊசி வேண்டாம், சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும். சொத்தை இருந்த இடம் மட்டும் கறுத்துப்போகும். அதை முன்கூட்டியே சொல்லி, அம்மா, பாட்டி இருவரும் சம்மதித்த பிறகே தடவினேன். போன வாரம் மறுபடி வந்தார்கள். வீக்கம் வற்றிவிட்டது. கையில் ஒரு முறுக்கு வைத்திருந்தான், கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். பாட்டி தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் பிரஷ்ஷை எடுத்துக் காட்டி, பாயில் உட்கார்ந்து தேய்க்க முட்டி வலிக்கிறது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தேய்த்தால் பரவாயில்லையா என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம், தலை மடியில் இருந்தால் போதும் என்றேன்.

நன்றி, வணக்கம்.