கையால் நிரப்பும் கைத்துப்பாக்கித் தோட்டா: சுகம் எங்கே, கவனம் எங்கே

[திரையில்: மர மேஜை. தட்டு நிறையச் சுட்டு முடித்த 9 மி.மீ. உறைகள். ஒரு கை ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புகிறது.]

சுட்டதும் துப்பாக்கியிலிருந்து தெறித்து விழுகிறதே, இந்தப் பித்தளை உறை, தோட்டாவில் திரும்பப் பயன்படும் ஒரே பாகம் இதுதான். உறையின் அடியில் இருந்து தீப்பொறி தரும் சிறு மூடியான பிரைமர் வெடித்து முடிந்துவிட்டது. வெடிமருந்து எரிந்துவிட்டது. குண்டு இலக்குக்குப் பின்னால் மண்ணில் புதைந்துவிட்டது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்த உறை மட்டும் அழுத்தத்தில் விரிந்து, கொஞ்சம் சுருங்கி, நம் கைக்குத் திரும்பி வருகிறது. அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்புவதுதான் கையால் தோட்டா நிரப்பும் கலை.

வேலைக்குள் போவதற்கு முன் இரண்டு விஷயம். சில நாடுகளில் துப்பாக்கி வைத்திருப்பவர் தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளலாம். சில நாடுகளில் அதற்குத் தனி உரிமம் வேண்டும். சில நாடுகளில் தனிநபர் இதைச் செய்யவே கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் இடம் தரவில்லை என்றால், இந்த வீடியோ உங்களுக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும்தான். இரண்டாவது: எந்த மருந்து எத்தனை கிரெயின் (தோட்டாக்காரர்களின் எடை அளவு) என்று இதில் ஓர் இடத்திலும் சொல்லப்போவதில்லை. அந்த எண்ணை மருந்து தயாரிப்பாளரும் குண்டு தயாரிப்பாளரும் அச்சிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். வீடியோவில் கேட்டது, நண்பர் சொன்னது, இரண்டும் கணக்கில் சேராது.

[திரையில்: ஒரே குண்டு எடையில் இரண்டு தோட்டா, பக்கத்தில் ஒரு கால்குலேட்டர்.]

கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும்போது ஏன் இந்த மெனக்கெடல்? காசு மிச்சமாகும் என்று சொல்வார்கள். உண்மையில் மிச்சமாகும் காசுக்கும் சேர்த்துச் சுட்டுத் தீர்த்துவிடுவோம், அதனால் அதை விட்டுவிடலாம். சுகம் வேறு இடத்தில் இருக்கிறது: உங்கள் துப்பாக்கிக்கும் உங்கள் கைக்கும் பொருந்தும் தோட்டாவை நீங்களே வடிவமைக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் அமைப்பின் போட்டிகளில் தோட்டாவின் வலுவைச் சொல்ல 'பவர் ஃபேக்டர்' என்று ஓர் அளவு உண்டு. குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, 1000 ஆல் வகுக்க வேண்டும். வலு குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவுக்கு 125 வர வேண்டும். 124 கிரெயின் குண்டு இதை எட்ட 1009 அடி வேகம் தேவை. 147 கிரெயின் குண்டுக்கு 851 அடியே போதும். இரண்டும் அதே 125தான். ஆனால் கையில் ஒன்றாக இருக்காது. கனமான குண்டு மெதுவாகப் போகும்போது உதை சுருக்கென்று குத்தாமல் தள்ளுவது போல வரும் என்பார்கள் சுடுபவர்கள். சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதியான ஸ்லைடும் நிதானமாக நகரும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குச் சோம்பலாகத் தெரியும். இதைக் கடைப் பெட்டி தீர்மானிக்காமல் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

[திரையில்: உறைகளைத் தரம் பிரிக்கும் கை. அருகில் மூன்று கிண்ணங்கள்.]

இனி வேலை. முதல் மணி நேரம் முழுக்கக் கண்ணுக்குத்தான்.

உறைகளைக் கைப்பிடி அளவு எடுத்துக் குலுக்குங்கள். நல்ல உறைகள் கணீரென்று ஒலிக்கும். நடுவில் ஒன்று மட்டும் மந்தமாகச் சத்தமிட்டால் அதில் விரிசல் இருக்கிறது. பெரும்பாலும் வாயோரத்தில் இருக்கும். அடிப்பகுதியில் வீக்கம் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பர் உறையை முழுதாகத் தாங்காத துப்பாக்கியில் சுட்டது அங்கேதான் பிதுங்கும். உள்ளே எட்டிப் பாருங்கள். சில 9 மி.மீ. உறைகளின் உட்சுவரில் படி போல ஒரு விளிம்பு இருக்கும். உள்ளிடம் குறைவு, அந்த இடத்தில் உடையவும் வாய்ப்பு உண்டு. அதைத் தயங்காமல் ஒதுக்குங்கள். பிரைமர் குழியைச் சுற்றி வளையமாக நசுக்கிய அடையாளம் தெரிந்தால் அது ராணுவ உறை. அந்த வளையத்தைச் சீவி எடுக்காமல் புதுப் பிரைமர் ஏறாது. .45 உறைகளில் பெரிய குழி, சிறிய குழி என இரண்டு வகை கலந்து வரும். பிரிக்காவிட்டால் நடு வேலையில் கை நிற்கும்.

பெர்டான் வகை உறையையும் இங்கேயே பிடித்துவிடலாம். அதன் உள்ளே அடியில் இரண்டு சிறு துளை இருக்கும், நமக்கு வேண்டிய பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை. இந்த முறைகளை உருவாக்கிய பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர் முறை, ஐரோப்பிய ராணுவங்கள் பிடித்துக்கொண்டது பெர்டான் முறை. இரண்டு துளையுள்ள உறையை டையில் (உறையை வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சில்) போட்டால், பழைய பிரைமரைத் தள்ளும் ஊசிதான் உடையும்.

அடுத்தது சுத்தம். அரைத்த வால்நட் ஓட்டில் அல்லது சோளக் கதிர்த் துகளில் குலுக்கலாம். துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு தண்ணீரில் சுழற்றவும் செய்யலாம், பாத்திரம் கழுவும் திரவம் சில துளியும் சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகையும் போதும். நீரில் கழுவினால் குழிக்குள் ஈரம் தங்கும், நன்றாகக் காய்ந்த பிறகே தொட வேண்டும். உலர் முறையில் கிளம்பும் தூசியில் ஈயம் இருக்கிறது. வீட்டுக்குள் சலிக்காதீர்கள், வேலை முடியும்வரை எதுவும் தின்ன வேண்டாம், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அம்மோனியா கலந்த பளபளப்புத் திரவத்தை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு பழைய பாடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தபோது, யாரும் தொடாமலேயே உறையில் விரிசல் விட்டன. காரணம் 1921இல்தான் விளங்கியது: குதிரை மூத்திரத்தில் இருந்து எழுந்த அம்மோனியா, உருவாக்கும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருக்கிறது. மழைப் பருவத்தில் நேர்ந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயர் விழுந்தது.

[திரையில்: பிரஸ்ஸின் கைப்பிடி இறங்குகிறது. உறை டைக்குள் ஏறுகிறது. பழைய பிரைமர் கீழே விழுகிறது.]

முதல் டை இரண்டு வேலை செய்கிறது. உறையைப் பழைய விட்டத்துக்கு நெருக்குகிறது, நடு ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றுகிறது. டங்ஸ்டன் கார்பைடு வளையம் உள்ள டை வாங்கினால் எண்ணெய் பூசத் தேவையில்லை. ஆனாலும் 9 மி.மீ. உறை மேலே சற்றுக் குறுகும் வடிவம் கொண்டது, பத்து உறைக்கு ஒன்றில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் கைப்பிடியின் பாரம் பாதியானது போலத் தோன்றும். டையை இறக்கிப் பொருத்தும்போது, உறையின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் மேல் வளையம் மோதக் கூடாது. ஒரு தாள் நுழையும் இடைவெளி விடுங்கள். கார்பைடு கடினமானதுதான், ஆனால் அடித்தால் கண்ணாடி போல உடையும்.

அடுத்து பிரைமர். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. கைக்கருவியில் ஏற்றினால் கட்டைவிரலுக்கே விஷயம் தெரியும்: சீரான எதிர்ப்பு, கடைசியில் அடியைத் தொட்ட உறுதி. எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப் போனால் குழி தளர்ந்துவிட்டது, அந்த உறைக்கு இதுதான் கடைசி. சரியாக ஏறிய பிரைமர் உறையின் அடிமட்டத்தைவிட 0.08 முதல் 0.13 மி.மீ. வரை உள்ளே இருக்கும். விரலால் தடவினால் மெல்லிய பள்ளம் தட்டுப்படும். மேடு தட்டுப்பட்டால் துப்பாக்கி ஊசியின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. இரண்டாம் அடியில் வெடிக்கும். 'பிரைமர் கெட்டது' என்று சொல்லப்படும் பல தோட்டாக்கள் உண்மையில் இப்படிப் பிரைமர் மேலே நின்றவைதான். பிரைமர்களை அவை வந்த தட்டிலேயே வையுங்கள், புட்டியில் கொட்டிக் கலக்காதீர்கள். ஒன்று வெடித்தால் பக்கத்தில் நெருங்கிக் கிடப்பவையும் சேர்ந்து வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்தக் கட்டத்தில் உட்காரவே கூடாது.

இரண்டாவது டை உறையின் வாயைக் கொஞ்சம் விரிக்கும். எவ்வளவு? குண்டை மேலே வைத்தால் கவிழாமல் நிற்கும் அளவு. குறைவாக விரித்தால் குண்டு இறங்கும்போது பக்கத்தில் ஈயம் சுருளாகச் சீவப்படும். அதிகமாக விரித்தால் ஒவ்வொரு முறையும் பித்தளை வளைந்து நிமிர்ந்து விறைத்துப்போய், நான்கைந்து சுற்றில் வாய் கிழியும்.

[திரையில்: மேஜையில் ஒரே ஒரு மருந்துப் புட்டி. தராசு. 50 குழியுள்ள மரக்கட்டை.]

இப்போது மருந்து. மேஜையில் ஒரு புட்டிக்கு மேல் இருக்கக் கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது. வேலை முடிந்ததும், மருந்தை அளந்து விடும் அளவுக்கருவியில் மிச்சமிருப்பதை அதே புட்டிக்குத் திருப்புங்கள். எதிலிருந்து வந்தது என்ற சந்தேகம் எழுந்த மருந்தை எந்தப் புட்டியிலும் சேர்க்காதீர்கள்.

1 கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். 9 மி.மீ. போன்ற சின்ன உறையில் 0.1 கிரெயின் வித்தியாசமே கவனிக்கத் தக்கது, ஆறரை மில்லிகிராம். தராசுக்குப் பக்கத்தில் மின்விசிறி ஓடினால், மொபைல் கிடந்தால், எண் தானாக அலையும். எடைக்கல் வைத்துத் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை சரிபாருங்கள். அளவுக்கருவி விடும் முதல் பத்து வீச்சுகளைத் திரும்பக் கொட்டுங்கள், மருந்து அடங்கி உட்கார அவ்வளவு வேண்டும். பிறகு பத்து வீச்சுகளை ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுத்தால் தராசின் சின்னப் பிழை கரைந்துவிடும்.

பயப்பட வேண்டிய பிழைகள் இரண்டே. ஒன்று, மருந்தே விழாத உறை. பிரைமர் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். சத்தம் 'டப்' என்று மந்தமாக வரும், ஸ்லைடு முழுதாக நகராது. அந்த இடத்தில் சுடுவதை நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும், அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். இன்னொன்று இரட்டை அளவு. .38 ஸ்பெஷல் இதில் ஏமாற்றும். 1898இல் கரிமருந்துக்காக உருவான உறை அது, இன்றைய மருந்து உள்ளே ஓர் ஓரத்தில்தான் கிடக்கும், இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது. அதனால் முடிந்தவரை இடத்தை அடைக்கும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு முறை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்க வேண்டும். 50 உறையையும் கட்டையில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் பாருங்கள். இந்த அரை நிமிடத்தை எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் விடக் கூடாது.

[திரையில்: குண்டு உறைக்குள் இறங்குகிறது. கேலிப்பரின் தாடைகள் மூடுகின்றன.]

குண்டு இறக்கும்போது பார்க்க வேண்டியது மொத்த நீளம். 9 மி.மீ.க்கு உச்ச வரம்பு 29.69 மி.மீ. ஆனால் அட்டவணையில் உங்கள் குண்டுக்கு எழுதியிருக்கும் நீளத்தையே பின்பற்றுங்கள், மூக்கின் வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதைவிட ஆழமாக இறக்கினால் உள்ளிடம் சுருங்கி அழுத்தம் வேகமாக ஏறும்.

கிரிம்ப், அதாவது கடைசியில் உறையின் வாயைக் குண்டின்மேல் ஒடுக்குவது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 9 மி.மீ., .45 இரண்டும் உறையின் வாயோரத்தால்தான் சேம்பரில் நிற்கின்றன. இவற்றில் விரித்த வாயை நேராக்குவது மட்டுமே கிரிம்ப்பின் வேலை. 9 மி.மீ.யில் வாய்விட்டம் 9.60 முதல் 9.65 மி.மீ.க்குள் வந்தால் போதும். இன்னும் இறுக்கினால் குண்டு கெட்டியாகும் என்று நினைத்து அழுத்துவார்கள். நடப்பது நேர்மாறு: மென்மையான ஈயம் நசுங்கி அப்படியே இருந்துவிடும், பித்தளை சற்று மீண்டுகொள்ளும், இடையில் பிடி தளரும். ரிவால்வர் தோட்டாவின் கதை வேறு. அது அடி விளிம்பால் நிற்பதால் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் சுருட்டி மடிக்கலாம், மடிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் உதையில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னால் நகர்ந்து உருளையைச் சிக்க வைக்கும்.

பிடி சரியா என்று தெரிய, முடிந்த தோட்டாவை அளந்து, மூக்கை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, மீண்டும் அளக்கவும். நீளம் குறைந்தால் அந்த உறை தேறாது, அல்லது விரிக்கும் டை அதிகமாக விரிக்கிறது.

[திரையில்: கழற்றிய குழலுக்குள் தோட்டா விழுகிறது. ஒலி: 'டக்'.]

முதல் தோட்டா முடிந்ததும் அடுத்ததற்குப் போகாதீர்கள். துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றித் தோட்டாவை அதில் போடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். இல்லை என்றால் குண்டிலும் உறை வாயிலும் மார்க்கர் மை பூசி மறுபடி போடுங்கள். மூக்கில் வரிவரியாகக் கீறியிருந்தால் நீளம் அதிகம். உறை வாயில் வளையமாகத் தேய்ந்திருந்தால் விரிப்பு முழுதாக நேராகவில்லை. இந்தச் சின்ன 'டக்' சத்தம்தான் இந்தப் பொழுதுபோக்கில் மனதுக்கு மிகவும் இதமான சத்தம்.

சுட்டுப் பார்க்க அட்டவணையின் தொடக்க அளவில் பத்து மட்டும் செய்யுங்கள். குரோனோகிராஃப் இருந்தால் வேகம் தெரியும், ஆனால் கைத்துப்பாக்கிக்கு வேகச் சீர்மையைவிட 25 மீட்டரில் குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதே பெரிது. தட்டையான பிரைமரைப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்கும் பழக்கம் இங்கே உதவாது. .38, .45 போன்ற குறை அழுத்தத் தோட்டாவில் அந்த அடையாளம் தெரியும்போது எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பீர்கள். அட்டவணையின் உச்ச அளவே உச்சம்.

[திரையில்: பெட்டிமேல் ஒட்டிய சீட்டு. பக்கத்தில் பிளாஸ்டிக் சுத்தி.]

ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டுங்கள்: தேதி, உறை எத்தனையாவது சுற்று, பிரைமர், மருந்தின் பெயரும் எடையும், குண்டு, மொத்த நீளம். சீட்டு விழுந்துபோன பெட்டியை நினைவை நம்பிச் சுடாதீர்கள். குண்டு பிரிக்கும் சுத்தியில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, பலகையில் தட்டுங்கள். நான்கைந்து தட்டில் குண்டும் மருந்தும் கழன்று வரும். குண்டையும் உறையையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மருந்தை மட்டும் தூக்கி எறியுங்கள்.