பன்னிரண்டாம் நாள்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கடைசி வரிசை வரை வந்து அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

டிராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியம் இலியட் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டதும் எனக்கு ஒரு கேள்விதான் நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் அதன் ஐந்தாம் காண்டத்தை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தோம். பாண்டரஸ் என்கிற வில்வீரன் சாகும் இடம். ஈட்டி கண்ணோரம் மூக்கருகே பாய்ந்து, பற்களைக் கடந்து, நாக்கை அடியோடு அறுத்து, தாடைக்குக் கீழே வெளியே வருகிறது. ஒரு மாணவி புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "சார், செத்துட்டான்னு சொன்னா போதாதா?"

அந்தக் காலத்துப் போர் அப்படி என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

இலியட் 24 காண்டங்கள், 15,000 வரிகளுக்கு மேல். ஆனால் கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட பத்தாண்டுப் போரில் கடைசி ஆண்டின் சில வாரங்கள்தான் கதை. மரக்குதிரை இதில் வராது. கிரேக்கர்களின் மாபெரும் வீரன் அக்கிலீஸ் சாவதும் வராது. கிரேக்க மூலத்தின் முதல் சொல்லே 'சினம்'. அக்கிலீஸின் அந்தச் சினம் எங்கே தொடங்கி எங்கே தணிகிறது என்பதுதான் காவியம். இதற்குள் பெயர் சொல்லிச் சாகிறவர்கள் மட்டும் 200 பேருக்கு மேல்.

பெயர் சொல்லி என்றேன் இல்லையா, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நான்காம் காண்டத்தில் சிமோயிசியஸ் என்று ஒரு பையன் வருகிறான். கல்யாணம் ஆகாதவன். கதையில் அவனுக்கு வேறு வேலையே இல்லை. வருகிறான், கிரேக்க வீரன் அஜாக்ஸின் ஈட்டி வலது மார்பில் பாய்கிறது, சாகிறான். ஆனால் ஹோமர் அவனை அப்படியே விழ விடுவதில்லை. அவன் அம்மா ஆட்டு மந்தையைப் பார்க்கத் தன் பெற்றோரோடு ஐடா மலைக்குப் போய்விட்டு இறங்கி வரும்போது சிமோயிஸ் ஆற்றங்கரையில் அவனைப் பெற்றாள், அதனால்தான் அந்தப் பெயர் என்கிறார். வளர்த்த கடனைப் பெற்றவர்களுக்குத் தீர்க்காமலே போய்விட்டான் என்கிறார். அப்புறம் ஒரு மரம். சதுப்பு நிலத்தில் வழவழவென்று வளர்ந்து, உச்சியில் மட்டும் கிளைவிட்ட பாப்லர் மரம். தேர் செய்கிற தச்சன் சக்கரத்துக்கு வட்டை வளைக்க அதை வெட்டிச் சாய்க்கிறான். அது ஆற்றங்கரையில் கிடந்து காய்கிறது. பையனும் அப்படிக் கிடந்தான்.

இருபது வரிகூட முழுசாக இருக்காது. அதற்குள் ஒரு பிரசவம், ஒரு குடும்பம், ஓர் ஆறு எல்லாம் வந்துவிட்டன. பதினோராம் காண்டத்தில் இஃபிடமஸ் என்று ஒருவன். புதுமாப்பிள்ளை. மனைவிக்காக நூறு மாடு கொடுத்துவிட்டான், ஆயிரம் ஆடு தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தான். அவளோடு வாழ்ந்த நாள் மிகக் குறைவு. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் கையில் சாகிறான். அவன் வெண்கல உறக்கம் உறங்கினான் என்கிறார் ஹோமர். அந்தச் சொற்றொடரைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

நாக்கை அறுத்த ஈட்டியையும் இந்த வீட்டு விவரங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உடம்பு எங்கே கிழிந்தது என்று துல்லியமாகச் சொல்கிற அதே குரல்தான் அந்த உடம்பு யார் பெற்றது, யார் காத்திருப்பது என்றும் சொல்கிறது. செத்தான் என்று மட்டும் சொன்னால் கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

இதனால் ஹோமரைப் போர் எதிர்ப்பாளர் என்று சொல்லிவிடக் கூடாது. கேட்டவர்கள் வீரர்களின் புகழைக் கேட்கத்தான் கூடினார்கள். ரத்தத்தை அழகாகச் சொல்வதிலும் அவருக்குத் தயக்கம் கிடையாது. கிரேக்க மன்னன் மெனலாஸ் காயம்பட்டுத் தொடையில் ரத்தம் வழியும்போது, மெயோனியா நாட்டுப் பெண் ஒருத்தி குதிரையின் கன்னத்து அணிக்காகத் தந்தத்தில் செஞ்சாயம் ஏற்றுவதுபோல் இருந்தது என்கிறார். படிக்கும்போது அழகில் மனம் போய்விடுகிறது, அடுத்த நொடி அது காயம் என்று உறைக்கிறது. இந்த இடம் எனக்கு இன்னும் தொந்தரவாகத்தான் இருக்கிறது. தத்துவஞானி பிளேட்டோவுக்கும் இந்தக் காவியத்தின் மேல் கோபம் உண்டு. தன் தோழன் பட்ரோக்ளஸைக் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று அவன் உடலை அக்கிலீஸ் இழுத்துச் சுற்றியதையும், பட்ரோக்ளஸின் சிதையில் கைதிகளை வெட்டியதையும் நம்பக்கூடாது, இளைஞர்களுக்கு அதைச் சொல்லவும் கூடாது என்று எழுதினார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றை நீக்கிவிட்டால் நீங்குவது ரத்தம் மட்டும் அல்ல. அக்கிலீஸ் எவ்வளவு தூரம் கீழே போனான் என்பதும் நமக்குத் தெரியாமல் போய்விடும்.

எவ்வளவு கீழே என்பதற்கு லைக்கேயனைச் சொல்கிறேன். டிராய் மன்னன் பிரியமின் மகன், ஹெக்டருக்கு வேறு தாய் வயிற்றுத் தம்பி. முன்பு ஓர் இரவு தகப்பனின் தோட்டத்தில் தேருக்காகக் காட்டத்தியின் இளங்கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கிலீஸிடம் பிடிபட்டான். அக்கிலீஸ் அவனைக் கொல்லவில்லை, லெம்னோஸ் தீவில் நூறு மாட்டு விலைக்கு விற்றான். பிறகு மீட்கப்பட்டு, எப்படியோ தப்பி வீடு வந்து சேர்ந்தான். பதினோரு நாள் சொந்தபந்தங்களோடு சந்தோஷமாக இருந்தான். பன்னிரண்டாம் நாள், ஆற்றங்கரையில், மறுபடியும் அக்கிலீஸ் முன்னால் நிற்கிறான்.

கையில் ஆயுதம் இல்லை. ஒரு கையால் அக்கிலீஸின் முழங்காலைப் பிடிக்கிறான், இன்னொரு கையால் ஈட்டியைப் பிடித்துக்கொள்கிறான். முன்பு உன்னோடு ஒன்றாகச் சாப்பிட்டேனே என்று கெஞ்சுகிறான். இதற்கு அக்கிலீஸ் சொல்லும் பதில் உலக இலக்கியத்திலேயே பயங்கரமான பதில்களில் ஒன்று. அவனைத் திட்டவில்லை. 'நண்பனே' என்று கூப்பிடுகிறான். "நண்பனே, நீயும் செத்துப்போ. ஏன் இப்படி அழுகிறாய்? உன்னைவிட எவ்வளவோ மேலான பட்ரோக்ளஸே செத்துவிட்டான். என்னைப் பார், எவ்வளவு உயரம், எவ்வளவு அழகு. எனக்கும் சாவு வரும், ஒரு காலையிலோ மாலையிலோ நடுப்பகலிலோ." அதைக் கேட்டதும் லைக்கேயன் ஈட்டியிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். இரண்டு கைகளையும் விரித்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். வாள் காறையெலும்பில் இறங்குகிறது. உடல் ஆற்றில் விழுகிறது. அம்மா உன்னைக் கிடத்தி அழ மாட்டாள், மீன் உன் கொழுப்பைத் தின்னும் என்கிறான் அக்கிலீஸ். கடைசியில் ஸ்கமாண்டர் ஆறே பொறுக்க முடியாமல் பொங்கி எழுகிறது.

அந்த ஈட்டியிலிருந்து விலகிய கையை ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். அடுத்து வரும் வெட்டைவிட அந்தக் கைதான் எனக்குத் தாங்க முடியாதது.

ஹெக்டரின் சாவு எல்லோருக்கும் தெரியும், அதை விரிக்கவில்லை. இரண்டு விவரம் மட்டும். அவன் அக்கிலீஸுக்கு அஞ்சி ஓடும் வழியில் கல்தொட்டிகள் இருக்கின்றன. கிரேக்கப் படை வருவதற்கு முன், சமாதான காலத்தில், டிராய் பெண்கள் துணி துவைத்த இடம். இன்னொன்று, அவன் செத்த செய்தி தெரியாமல் மனைவி அன்ட்ரோமக்கி வீட்டில் வெந்நீர் போடச் சொல்கிறாள், அவன் வந்ததும் குளிக்கட்டும் என்று.

ரோமானியக் கவி வர்ஜிலின் காவியம் ஈனியட் முடிகிற இடத்தையும் சொல்ல வேண்டும். பகைவன் டர்னஸ் கீழே கிடந்து கெஞ்சுகிறான். காவிய நாயகன் ஈனியாஸ் தயங்குகிறான். அப்போது இறந்த தோழன் பல்லாஸின் கச்சை டர்னஸின் தோளில் கண்ணில் படுகிறது. வாளைப் பாய்ச்சுகிறான். அந்த உயிர் பிரிவதோடு காவியம் நின்றுவிடுகிறது. ரோமின் பெருமைக்கு எழுதிய காவியம் கோபத்தில் செய்த கொலையோடு முடிவது சாதாரணம் அல்ல, அதற்கு நிறைய துணிச்சல் வேண்டும். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது இலியட்டின் கடைசிக் காண்டத்துக்குத்தான்.

ஹெக்டரின் பிணத்தை அக்கிலீஸ் நாள்தோறும் தேரில் கட்டி இழுக்கிறான். பேச்சில்லாத மண்ணை அவமதிக்கிறான் என்று அப்போலோ தேவன் தேவர் சபையில் முறையிடுகிறான். அப்புறம் ஓர் இரவில் கிழவர் பிரியம் பகைவன் கூடாரத்துக்கே போய், தன் மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். உன் தகப்பனை நினைத்துப் பார் என்கிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள். அவர் ஹெக்டருக்காக, இவன் தன் தகப்பனுக்காகவும் பட்ரோக்ளஸுக்காகவும். அப்புறம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அக்கிலீஸ் கேட்கிறான், அதுவரை படையை நிறுத்தி வைப்பதாகச் சொல்கிறான். பிரியம் விரல் விட்டு எண்ணுவதுபோல் சொல்கிறார்: ஒன்பது நாள் வீட்டில் வைத்து அழுவோம், பத்தாம் நாள் அடக்கம், ஊருக்கு விருந்து, பதினோராம் நாள் மேடு எழுப்புவோம். பன்னிரண்டாம் நாள் சண்டை போடுவோம், போட்டே ஆக வேண்டுமென்றால்.