கதை பேசிய இடங்களில்தான் ரசனை வளர்ந்தது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடித்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் திருநெல்வேலி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'இலக்கிய ரசனையைப் பெரிதும் வளர்ப்பது வகுப்பறைப் பாடமா, நண்பர்களின் கதைப் பேச்சா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய பேராசிரியர் அழுத்தமாகப் பேசினார். ஆசானிடம் பாடம் கேட்காமல் உ.வே.சாமிநாதையர் ஏது, அவர் இல்லாமல் நமக்குச் சங்க நூல்கள் ஏது என்று கேட்டார். அரட்டைக்கு ஒழுங்கு கிடையாது, யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றார். கடைசியாக, வகுப்பறையில் ஏழைப் பிள்ளைக்கும் இடம் உண்டு, இலக்கிய அரட்டை வசதியானவர்கள் வீட்டு முற்றத்தில் நடப்பது என்றார். இந்த மூன்றாவது வாதம் கனமானது. அதைத் தாண்டிப் போக மாட்டேன், வருகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். தினமும் வகுப்பறையில் நிற்கிறவள் என்பதால்தான் இந்த அணியில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உ.வே.சா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார். அந்தப் படிப்பின் ஆழத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சீவக சிந்தாமணி அவர் கைக்கு எப்படி வந்தது? 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, சேலம் இராமசுவாமி முதலியார் வருகிறார். ஒருநாள் இவர் அவரைப் பார்க்கப் போகிறார். என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் பட்டியல் போடுகிறார். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இதெல்லாம் சரி, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார்.

படித்ததில்லை. அவ்வளவு பெரிய ஆசானிடம் அவ்வளவு காலம் பாடம் கேட்டவரின் பட்டியலில் சிந்தாமணி இல்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் கேட்ட கேள்வியில்தான் அது வந்து சேர்ந்தது. அப்புறம் இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள். சமண சமயச் செய்திகள் வரும் இடங்களில் உரை புரியவில்லை. கல்லூரியில் அதற்கு விடை இல்லை. கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போகிறார். அங்கே சிந்தாமணி பாராயணம் செய்யும் நூலாக, சாதாரணக் குடும்பங்களின் பேச்சில் புழங்கும் நூலாக இருக்கிறது. அவர்களோடு பேசிப் பேசித்தான் அந்த இருட்டு விலகியது. 1887-இல் சிந்தாமணி அச்சானது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. நடுவர் அவர்களே, மகாவித்துவான் கொடுத்த பயிற்சி இல்லாமல் இந்தப் பதிப்புகள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முன்சீப் வீட்டுப் பேச்சு இல்லாமலும் இல்லை. பயிற்சியைத் தந்தது பாடம். எதை நேசிப்பது என்று காட்டியது பேச்சு. இன்றைய தலைப்பு ரசனையைப் பற்றியது.

அடுத்து, ஒழுங்கு இல்லாத அரட்டை. இந்த மேடையிலிருந்து வண்ணார்பேட்டை ரொம்ப தூரமில்லை. அங்கேதான் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வீடு இருந்தது. அந்த வீட்டுத் தொட்டிக்கட்டு முற்றத்தில் மாலை நேரத்தில் நண்பர்கள் கூடுவார்கள். வட்டத்தொட்டி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. டி.கே.சி. வக்கீலுக்குப் படித்தவர், தமிழ் வித்துவான் பட்டம் வாங்கியவர் இல்லை. ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டால் அதை மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்வார். எந்த இடத்தில் குரல் ஏற வேண்டும், எந்தச் சொல்லில் நின்று மூச்சுவிட வேண்டும் என்று சொல்லிக் காட்டுவார். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள், மறுப்பார்கள், மறுபடியும் சொல்லச் சொல்வார்கள். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து கம்பனைக் கேட்டவர்கள்.

அவருடைய முறையில் குறையே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். தனக்குக் கவியாகத் தோன்றாத பாட்டையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில பாடல்களில் சொற்களையே மாற்றினார். அது தவறு என்று அறிஞர்கள் சொன்னார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். எதிரணி சொல்லும் ஒழுங்கு அங்கே தேவைப்பட்டது. ஆனால் பாருங்கள், கம்பனை நாலு பேர் கூடி ரசிக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து ஊருக்கு ஊர் பரவியது? டி.கே.சி.யின் ரசனையில் ஈடுபட்ட சா.கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கினார். நாம் இன்று நடத்தும் இலக்கியப் பட்டிமன்றம் மக்களிடம் பரவியதில் அந்தக் கம்பன் விழா மேடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. என்னை எதிர்த்துப் பேச எதிரணிக்கு இந்த மேடை கிடைத்ததிலும் ஒரு வீட்டு முற்றத்துப் பேச்சுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள் என்று பேராசிரியர் சொன்னார். பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் நடத்திய பேராசிரியர் டோல்கீன். மாணவர்களுக்கு விரிவுரை, தேர்வுத்தாள், எல்லாம் அவரிடம் இருந்தது. அப்படியும் 1926-இல் சக ஆசிரியர்களைச் சேர்த்து, ஐஸ்லாந்தின் பழங்கதைகளை மூல மொழியிலேயே வாசிக்க ஒரு வட்டம் தொடங்கினார். வந்தவர்களில் சிலருக்கு அந்த மொழி அரைகுறைதான். முடிந்தவரை ஆளுக்குக் கொஞ்சம் வாசித்து மொழிபெயர்ப்பார்கள். சி.எஸ்.லூயிஸ் அங்கே வந்தார். இருவருக்கும் நட்பு இறுகியது. பின்னாளில் லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடித் தங்கள் கைப்பிரதிகளை உரக்க வாசித்தார்கள். டோல்கீனின் பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55-இல் வெளிவந்தது. லூயிஸ் தந்த ஊக்கம் இல்லாவிட்டால் அதை முடித்தே இருக்க மாட்டேன் என்று அவரே பிற்பாடு கடிதத்தில் எழுதினார். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களுக்கே வகுப்பறை போதவில்லை ஐயா!

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். கோவில்பட்டிக்கு அருகில் இடைசெவல். ஒரு சின்னக் கரிசல் கிராமம். அங்கே இரண்டு நண்பர்கள். ஒருவர் கு.அழகிரிசாமி, பள்ளிப் படிப்பை முடித்தவர். இன்னொருவர் கி.ராஜநாராயணன், பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கி.ரா. சொன்னதை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள். இருவருக்கும் வீட்டில் பேசும் மொழி தெலுங்கு. இருவருக்கும் தமிழிலக்கியத்தில் பித்து, கர்நாடக இசையில் பித்து. விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டைக் கேட்க ஓடுவார்கள். வயக்காட்டிலும் தெருவிலும் பேசித் தீராததை, அழகிரிசாமி வேலைக்காக ஊரை விட்டுப் போன பிறகு கடிதத்தில் பேசினார்கள். அந்தக் கடிதங்கள் இன்று புத்தகமாக இருக்கின்றன. ராகத்தைப் பற்றி, படித்த கதையைப் பற்றி, உடம்பைப் பற்றி, பணமுடையைப் பற்றி எல்லாம் கலந்து கிடக்கும். ரசனை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தக் கடிதங்களைத்தான் கையில் கொடுப்பேன்.

இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் இறந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991-இல். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நாட்டார் கதைகளுக்காக வருகைதரு பேராசிரியராக அழைத்தது. வகுப்பறை தன்னிடம் இல்லாத ஒன்றைத் தேடி, கதை பேசிய மனிதரிடம் வந்தது.

மொழி கற்பதிலும் இதேதான். கும்பகோணத்தில் எம்.வி.வெங்கட்ராமுக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம், குடும்பத் தொழில் பட்டு. அவருக்கும் தி.ஜானகிராமனுக்கும் கல்லூரியில் தொடங்கிய நட்பு கடைசிவரை எழுத்தோடு கலந்திருந்தது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி, சிறுவயதில் தமிழ் எழுதப் படிக்கப் பழகாதவர். வளர்ந்த பிறகு தானே கற்றுக்கொண்டு, இருபது வயதில், 1951-இல், புதுமைப்பித்தன் நினைவு மலரைக் கொண்டுவந்தார். மலையாளத்திலிருந்து தகழியின் 'செம்மீன்' நமக்கு அவர் வழியாக வந்தது. பின்னாளில் அவர் வீட்டில் 'காகங்கள்' என்ற பெயரில் நண்பர்கள் கூடி விவாதித்தார்கள். அங்கே வந்துபோன இளைஞர்கள் பலர் இன்று நாம் படிக்கும் எழுத்தாளர்கள். ஒரு மொழியின் மேல் ஆசை வர அந்த மொழியில் மனசு விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்.

சரி, மூன்றாவது வாதம். வட்டத்தொட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் வக்கீல்கள், பெரிய உத்தியோகஸ்தர்கள், ஆண்கள். ஒரு பீடித் தொழிலாளியின் மகள் அந்த முற்றத்துக்குப் போயிருக்க முடியுமா? முடியாது. நான் என்ன சாதி, என் வீடு எந்தத் தெரு என்று கேட்காமல் என்னை உள்ளே விட்டது அரசுப் பள்ளிக்கூடம்தான். அதற்கு நான் காலமெல்லாம் நன்றியோடு இருப்பேன். எல்லோரையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்ததில் வகுப்பறைக்கு ஈடு இணை கிடையாது.

உட்காரவைத்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலின் ஒரு பகுதி இருக்கிறது. பசியில் சோர்ந்து வந்த ஒரு வழிப்போக்கனுக்கு அன்னமய்யா நீத்துப்பாகம், அதாவது மேல்கஞ்சி, கொடுத்துக் காப்பாற்றுகிறான். இதில் ஒரு நெடுவினா உண்டு. அன்னமய்யா என்ற பெயருக்கும் அவன் செயலுக்கும் உள்ள பொருத்தத்தை எழுத வேண்டும். இங்கே இருக்கும் பெற்றோர் பலருக்கு அது மனப்பாடமாகவே தெரிந்திருக்கும், பிள்ளைகள் வீட்டில் உரக்கச் சொல்லிச் சொல்லிப் படித்திருப்பார்கள். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை. என் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மதிப்பெண் வேண்டும், எழுதத்தான் வேண்டும். எல்லா விடைத்தாளிலும் ஒரே விடை.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு எப்படியோ அந்தக் கதைக்குப் போனது. ஒரு பையன் கேட்டான்: "அவ்வளவு பசியில இருக்கிறவருக்கு ஏன் டீச்சர் மொதல்ல சோறு கொடுக்கல? ஏன் தண்ணிக் கஞ்சி கொடுத்தாங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்: "காஞ்ச வயித்துல கெட்டிச் சோறு போட்டா வலிக்கும்டா. எங்க ஆச்சி யாருக்கும் மொதல்ல தண்ணிதான் கொடுக்கும்." அப்புறம் அந்த ஆச்சி காட்டு வேலைக்குப் போன கதை வந்தது. கலயத்தில் கஞ்சி கொண்டுபோன கதை வந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், தன் அப்பா லாரியில் போகும்போது தெரியாத ஊரில் யாரோ சாப்பாடு போட்டதைச் சொன்னான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் நீத்துப்பாகம், சோறு அப்புறம்தான். கி.ரா. அந்த வரிசையைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அன்னமய்யாவின் கருணை சோறு போட்டதில் மட்டும் இல்லை, எதை முதலில் கொடுக்க வேண்டும் என்று அறிந்ததில் இருக்கிறது. நான் பார்த்த எந்தக் கோனார் உரையிலும் எந்த வழிகாட்டியிலும் இது இல்லை. பல ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்திய எனக்கும் அந்தப் பெண்தான் சொல்லித் தந்தாள். அவள் வக்கீல் வீட்டுப் பிள்ளை இல்லை. இந்தப் பேச்சுக்குத் தொட்டிக்கட்டு வீடு தேவைப்படவில்லை. வசதியான வீட்டு முற்றத்தில்தான் அரட்டை நடக்கும் என்ற வாதத்துக்கு அந்த மரத்தடிதான் என் பதில்.

நல்ல ஆசிரியர் இதை வகுப்பிலேயே செய்யலாமே என்று நடுவர் கேட்கக்கூடும். செய்கிறார்கள். அப்படி ஓர் ஆசிரியர் உங்கள் எல்லோருக்கும் வாய்த்திருப்பார். அவரைப் பற்றி என்ன நினைவிருக்கிறது? அவர் எழுதிப்போட்ட வினா விடையா? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தான் படித்த ஒரு கதையைச் சொன்னாரே, அந்த நேரம்தானே? அந்த நேரத்தில் அவர் உங்கள் நண்பராக இருந்தார்.

எதிரணிப் பேராசிரியரே சாட்சி. தன் உரையின் நடுவே தி.ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையைச் சொன்னார். ரயிலில் ஒரு சின்னப் பெண் வேலைக்காகத் தொலைதூரம் போகிறாள், கூட வந்த பையன் தனக்கென்று ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். சொல்லும்போது பேராசிரியரின் குரல் கம்மியது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். ஆசிரியர் குறிப்பு சொன்னாரா? கதையின் மையக்கருத்து இது என்றாரா? ஒன்றும் சொல்லவில்லை. நம்மிடம் ஒரு நண்பரைப் போலக் கதை சொன்னார், நாம் கேட்டோம். நாளைக் காலையில் அந்தக் கதையை நூலகத்தில் தேடப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் நடுவர் இதை இந்த மேடையிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் வாரத்தில் ஒரு பாடவேளையைத் தமிழாசிரியரிடம் கொடுங்கள். அதில் வினா விடை கிடையாது, மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த கதையைச் சொல்லட்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை தெலுங்குக் கதையைச் சொல்லட்டும், உருது பேசுகிற பிள்ளை உருதுக் கதையைச் சொல்லட்டும். எதிரணி நண்பர்களும் அதற்குக் கையெழுத்துப் போடுவார்கள் என்று நம்புகிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.